முறத்தின் மேல் விழுந்த நிழல்

திருப்பதியில் விளக்குக் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் ஆறு வருஷம் என் அம்மா சித்தூர் வீட்டில் இருட்டுக்குள் இருந்தாள். 2017-இலிருந்து 2023 வரை. அவளை அங்கே வைத்தவன் நான்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் என் பிழைப்பே.

வீடு சந்தப்பேட்டையில் இருக்கிறது. தாத்தா கட்டியது. 1953 அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமாகிச் சித்தூர் அதோடு போனதற்கு முன்பே கட்டி முடித்த வீடு. நடுவில் பத்தடிக்குப் பத்தடி முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், மேலே மங்களூர் ஓடு. எங்கள் பக்கத்தில் தொட்டிக்கட்டு வீடு என்போம். சமையல்கட்டுக்கு மேல் இரண்டு கண்ணாடி ஓடு பதித்திருந்தார் தாத்தா. ஒன்று அடுப்புக்கு நேராக, மற்றது அம்மி இருந்த மூலைக்கு நேராக. அந்த இரண்டையும் எங்கே வைப்பது என்று அவர் பாட்டியைக் கேட்டுத்தான் வைத்தாராம். பாட்டி அம்மியின் முன்னால் உட்கார்ந்து காட்டினாளாம். சிறுவயதில் பலமுறை கேட்ட கதை இது. தொழில் கற்றுக்கொண்ட பிறகு ஒருமுறைகூட இதை நினைத்துப் பார்த்ததில்லை.

அம்மாவின் பகல் முழுக்க முற்றத்தைச் சுற்றித்தான் நடந்தது. காலையில் மேற்குத் தாழ்வாரத்தில் கீரை ஆய்வாள். வெயில் நகர நகர அவளும் முறத்தை எடுத்துக்கொண்டு நகர்வாள். வெயில் ஆட்டுக்கல்லைத் தொட்டால் உலை வைக்கும் நேரம். கடிகாரம் பார்த்து அவள் சமைத்து நான் கண்டதில்லை. மத்தியானம் பூ கட்டுவாள், இல்லாவிட்டால் வாரப் பத்திரிகையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தொடர்கதை படிப்பாள்.

2017-ல் அந்த முற்றத்தை மூடினேன். குரங்குத் தொல்லை, மழைச் சாரல், தூசி என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வாடகை. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு மாடியில் இரண்டு போர்ஷன் எடுத்தால் மாசாமாசம் வாடகை வரும். முற்றத்தை அப்படியே விட்டால் ஒரு போர்ஷன்தான் தேறும் என்றார் மேஸ்திரி. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் மூடச் சொன்னேன். அம்மாவிடம் கேட்டேனா? கேட்டதாகத்தான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், பிளானை நீட்டி, “இங்க ஹால் பெருசா வரும்மா” என்று சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டது என்று சொல்ல முடியாது.

தளத்துக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டேன். கீழ்வீட்டில் மொத்தம் இருபத்தாறு டவுன்லைட். ஹாலைச் சுற்றிக் கோவ் லைட். எல்லாம் 6500 கெல்வின், கண்ணைப் பறிக்கும் வெள்ளை. சமையல்கட்டு மேடைக்குச் சீமகுர்த்தியிலிருந்து வரும் கேலக்ஸி கறுப்புக் கிரானைட் போட்டேன், நல்ல கறுப்பில் பொன்பொடி தூவினாற்போல் இருக்கும் கல். அலமாரிகளுக்குக் கரும்பழுப்பு லாமினேட். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வீட்டைப் போட்டோ எடுத்துக் கடையில் மாட்டினேன், வாடிக்கையாளர்களுக்குக் காட்ட.

என் தொழில் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே தப்பு என்பதால். வயரிங் வேலைக்குக் கூலி பாயின்ட் கணக்கு. ஒரு லைட் பாயின்ட்டுக்கு இவ்வளவு, ஒரு ஃபேன் பாயின்ட்டுக்கு இவ்வளவு. பாயின்ட் கூடினால் கூலி கூடும், என் கடையில் விளக்கும் கூட விற்கும். முன்பு குண்டு பல்பும் டியூப் லைட்டும் எரிந்த காலத்தில் கரண்ட் பில்லுக்குப் பயந்தாவது ஜனங்கள் அளவோடு இருந்தார்கள். 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கி எல்இடி பல்பு மலிவானது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை எட்டு, ஒன்பது வாட்டில் வாங்கிவிடலாம். நாட்டுக்கு அது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் போன்றவர்களுக்கு அது வேறு வழியைத் திறந்துவிட்டது. “அண்ணா, எல்இடிதானே, இன்னும் நாலு போட்டுக்கலாம்” என்று சொல்லச் சொல்ல வியாபாரம் ஏறியது. ஜன்னல் இல்லாத லாட்ஜ் அறைகளுக்கு வெள்ளை வெளிச்சம் போட்டால் அறை பெரிதாகத் தெரியும். மலைக்குப் போகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறார்கள், அந்த அறைக்கு அது போதும். லாட்ஜுக்குச் சரியாக இருந்ததை வீடுகளுக்கும் கொண்டுபோனேன். யார் அங்கே உட்காரப் போகிறார்கள், என்ன வேலை செய்வார்கள், எந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள் என்று எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை. கூரையை அளப்பேன், நாலடிக்கு ஒன்று என்று சுண்ணாம்புக் குறி வைப்பேன். அவ்வளவுதான்.

குடிபுகுந்து ஒரு மாசம் இருக்கும், அம்மா சொன்னாள்: “டேய், சமையல்கட்டு இருட்டா இருக்குதுடா.” நான் சிரித்தேன். ஆறு விளக்கு எரிகிற இடத்தில் என்ன இருட்டு? ஆனாலும் அம்மா சொல்கிறாளே என்று 12 வாட்டைக் கழற்றி 15 வாட் மாட்டினேன். மறுபடி சொன்னாள். 18 வாட் மாட்டினேன். “இப்போ கண்ணு கூசுது” என்றாள். வயசாகிவிட்டது, எதைச் செய்தாலும் குறை சொல்கிறாள் என்று மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததை, குறை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா வாசலுக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் ஓரத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். வெயில் ஏறியதும் கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் போனாள். சாயங்காலம் வாசப்படியிலேயே உட்கார்ந்தாள். வாசப்படியில் உட்காரக்கூடாது, விளக்கு வைக்கிற நேரத்தில் அறவே கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் திரும்பியவன் அதைப் பார்த்துவிட்டேன். தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். “இவ்வளவு பெரிய வீட்டை வெச்சுக்கிட்டு எதுக்கும்மா தெருவுல உக்காந்திருக்கே? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?” என்றேன். குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆள் துணைக்காக, ஊர்க்கதை பேச வாசலுக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். முற்றம் இருந்த காலத்தில் வெயிலைத் தொடர்ந்து நகர்ந்தவள், வெயில் தெருவுக்குப் போனதும் தெருவுக்குப் போயிருக்கிறாள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதை எழுதாமல் விட்டால் இந்த வாக்குமூலத்துக்கே அர்த்தமில்லை. ஒரு ராத்திரி சாப்பாட்டில் கல் கடித்தது. இரண்டாவது வாயிலும் கடித்தது. பசி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “கண்ணு தெரியலேன்னா சமைக்காதேம்மா, அவ பாத்துக்குவா” என்றேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா குனிந்து தரையில் சிந்திய சோற்றைப் பொறுக்கினாள். அடுத்த நாளிலிருந்து அவள் சமைக்கவில்லை. அறுபது வருஷமாகச் சமைத்த கை. நானும் அதை ஓய்வு என்றுதான் சொல்லிக்கொண்டேன், சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

தினமும் விடியுமுன் பஸ் ஏறி எழுபது கிலோமீட்டர் போய், ராத்திரி பத்துக்குத் திரும்புகிறவன், பகலில் என் வீட்டை நானே பார்த்ததில்லை என்று கொஞ்ச நாள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அதுவும் நிற்காது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது வாரக்கணக்கில் பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தேன். பகல் பதினொரு மணிக்கு, வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது, எங்கள் ஹாலில் விளக்கு எரிந்தது. அணைத்தால் செய்தித்தாள் படிக்க முடியவில்லை. இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கரண்ட் பில் வந்ததும், ஆள் இல்லாத அறையில் எதற்கு விளக்கு என்று அம்மாவைத்தான் கேட்டேன். அதற்கப்புறம் ராத்திரியில் பாத்ரூம் போகக்கூட அவள் விளக்குப் போடவில்லை. சுவிட்ச் வேறு அறையின் மறுகோடியில் இருந்தது. கட்டிலருகே ஒரு டூ வே சுவிட்ச் வைத்திருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது, மறுபடி காடி எடுக்கச் சோம்பி விட்டுவிட்டேன். அவளுடைய முழங்காலுக்குக் கீழே கட்டில் விளிம்பு இடித்த நீலத் தழும்பு எப்போதும் இருந்தது. என்னவென்று கேட்டால், “ஒண்ணுமில்லடா” என்பாள்.

2023-ல் இரண்டு கண்ணுக்கும் கண்புரை அறுவை செய்தோம். நன்றாகவே நடந்தது. எதிர் வீட்டு மாடியில் காயும் துணியின் கரையைச் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மாசம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது அம்மா டாக்டரிடம், “வெளிய நல்லா தெரியுதுங்க, வூட்டுக்குள்ள போனாத்தான் பழையபடி” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “வீட்ல லைட்டிங் எப்படி இருக்கு?” நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. “நல்லா இருக்கு டாக்டர்” என்று பதில் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பதில் என்னைக் குத்திக்கொண்டே வந்தது. லாட்ஜ் வேலைகளுக்காக, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிக் கடையில் வைத்திருக்கிறேன். அதை ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துவந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவந்தேன். சமையல்கட்டின் நடுவில், தரையில் வைத்தால் 310 லக்ஸ். யாரும் எதுவும் செய்யாத இடம் அது. மேடைமேல், காய் நறுக்கும் இடத்தில் 140. அம்மாவைக் கூப்பிட்டு, வழக்கம்போல் நில்லும்மா என்றேன். அவள் நின்றதும் 38. சமையல் மேடைக்கு இருநூறு முந்நூறு லக்ஸாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரிந்த கணக்கு. நான் போட்ட ஆறு விளக்கும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அவள் நிழலே அவள் கைமேல் விழுந்தது. 12 வாட்டை 18 ஆக்கினால் வெளிச்சம் நடுத்தரையில் கூடும், மெருகேற்றிய கல்லில் பட்டுக் கண்ணில் அடிக்கும், மேடைமேல் நிழல் நிழலாகவே இருக்கும். “இருட்டா இருக்குது”, “கண்ணு கூசுது” என்று அவள் சொன்ன இரண்டும் அளவெடுத்தாற்போல் உண்மை.

மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அம்மா சும்மா நிற்காமல் ஒரு பிடி உளுத்தம்பருப்பை மேடையில் கொட்டிப் பரப்பினாள். கல் இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து எதையோ எடுக்கப் போயின. வரவில்லை. நகத்தால் நெம்பினாள். மறுபடி எடுக்கப் போனாள். குனிந்து பார்த்தேன். அது கிரானைட்டில் இருந்த பொன்னிறப் புள்ளி. சதுர அடிக்கு இவ்வளவு என்று நான் கூடக் காசு கொடுத்து வாங்கின புள்ளி. ஆறு வருஷமாக அவள் அந்தக் கல்லிலிருந்து அரிசியையும் பருப்பையும் பொறுக்கப் பார்த்திருக்கிறாள்.

வயசான கண்ணைப் பற்றி அன்றைக்குப் புதிதாக ஒன்றையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. வயசு ஏற ஏறக் கண்பாப்பா சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். இருபது வயதுக்காரர் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேரும். ஆகையால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும், ஆனால் விளக்கு கண்ணுக்கு நேராகத் தெரியக்கூடாது. இவையெல்லாம் கம்பெனிக்காரர்கள் நடத்தும் டீலர் கூட்டங்களில் பல முறை கேட்டவை. கேட்டேன், மதியச் சாப்பாடு சாப்பிட்டேன், வந்துவிட்டேன். தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு வறண்ட வெப்ப ஊர்களுக்கே சொல்கிறது. 120 சதுர அடிச் சமையல்கட்டுக்குப் பன்னிரண்டு சதுர அடி. நான் விட்டுவைத்தது இரண்டுக்கு இரண்டு, அதிலும் பாதியை எக்ஸாஸ்ட் ஃபேன் அடைத்திருந்தது. அப்புறம் தெருக்கோடியில் இன்னும் முற்றம் மூடாத ஒரு வீட்டில் அனுமதி கேட்டு அளந்தேன். நேர் வெயில் படாத தாழ்வார ஓரத்தில் இரண்டாயிரம் லக்ஸுக்கு மேல் காட்டியது. அம்மா பூ கட்டிய இடம் அப்படிப்பட்டது. அதிலிருந்து அவளை 38-க்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

சமையல்கட்டைச் சரிசெய்ய ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி, நாலடி நீள எல்இடி பட்டையைத் திருகினேன். பட்டை கண்ணில் படாதபடி முன்னால் இரண்டு அங்குல மரச்சட்டம் அடித்தேன். 4000 கெல்வின், பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் தெரிகிற தரத்தில் பார்த்து எடுத்தேன். மேடைமேல் பருப்பு பார்க்கிற இடத்துக்கு வெள்ளைப் பீங்கான் தகடு ஒன்று போட்டேன். கறுப்பின்மேல் கறுப்புக் கல்லும் தெரியாது, கறுப்பு உளுந்தும் தெரியாது. 38 காட்டிய இடத்தில் 420 காட்டியது. மொத்தச் செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆகவில்லை. கட்டிலருகே டூ வே சுவிட்ச் வைத்தேன், பாத்ரூம் வழியில் கணுக்கால் உயரத்தில் மங்கலான இரவு விளக்கு இரண்டு. ஹாலின் இருபத்தைந்தடிச் சுவரை வெள்ளையடித்து, கூரை விளக்கில் பாதியைக் கழற்றினேன். பாதி கழற்றிய பிறகு ஹால் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

அம்மா அந்தப் பட்டை விளக்கின் கீழ் கையை நீட்டிப் புரட்டிப் பார்த்தாள். ரேகை பார்க்கிறவள் மாதிரி. நான் கேட்டேன்: “ஏம்மா எனக்கு அழுத்திச் சொல்லலே?”

“சொன்னேனேடா. நீ பல்பு மாத்துனே.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

முற்றத்தை மட்டும் திருப்பித்தர முடியவில்லை. அதற்கு நேர் மேலே குடியிருப்பவர்களின் ஹால் இருக்கிறது, தளக் கம்பிகள் அந்த நடுவில்தான் கூடுகின்றன. இரண்டு இன்ஜினியர்களைக் கூட்டிவந்து காட்டினேன். மூன்றடிக்கு மூன்றடி வெட்டலாம், ஆனால் அடியில் புது உத்திரம் கொடுக்க வேண்டும், மாடியில் ஒரு போர்ஷன் காலியாக வேண்டும் என்றார்கள். அங்கே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களாகக் காலி செய்கிறபோது வெட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த வாடகை இனி வேண்டாம். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. அவள் சமையலுக்குத் திரும்பவில்லை. “கை மறந்துபோச்சு” என்கிறாள். பருப்பு பார்க்க மட்டும் சமையல்கட்டுக்கு வருகிறாள். காலையில் இன்னும் வாசலில்தான் உட்காருகிறாள். உயரமாக, சாய்மானம் வைத்த ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

கடையில் மாட்டிய போட்டோவைக் கழற்றிவிட்டேன். வேலை எடுத்த வீடுகளின் அளவும் பாயின்ட் கணக்கும் எழுதிய பழைய நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில், வீட்டில் பெரியவர்கள் இருந்ததாக எனக்கு ஞாபகமுள்ள நாற்பத்தோரு வீடுகளைக் குறித்தேன். கொர்லகுண்டா, பைராகிப்பட்டெடை, திருச்சானூர் ரோடு என்று திருப்பதி பூராவும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மீட்டரை எடுத்துக்கொண்டு போகிறேன். சிலர் புதிதாக எதையோ விற்க வந்திருக்கிறான் என்று நினைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பைராகிப்பட்டெடையில் ஒரு வீட்டில், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் தலைக்குப் பின்னால்தான் நான் எட்டு வருஷத்துக்கு முன் விளக்கு வைத்திருந்தேன். ஊசி முனையில் 52 லக்ஸ். அவர் மகன் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்புடெந்துகு செப்பலேதன்னா?” என்றார். அப்போது ஏன் சொல்லவில்லை அண்ணா?

தெரிந்துதான் சொல்லவில்லை, தம்பி, என்று தெலுங்கில் சொன்னேன். சுவரில் ஒரு விளக்கு போதும் என்று சொல்லியிருந்தால் ஆறு பாயின்ட் போயிருக்கும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஏணியை எடுத்துவந்து சுவரில் சாய்த்தார்.

அது ஒன்பதாவது வீடு. நோட்டில் இன்னும் முப்பத்திரண்டு இருக்கிறது.